பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய ஹாலிவுட் இசைக்கலைஞர் படங்களைப் போற்றுவோர் ஒரு காரணம் கூறுவர். அவை கலைஞனைத் தெய்வமாக்காமல், குறைகளோடு காட்டின என்பதே அது. குறையைக் காட்டியது உண்மைதான். காட்டிய குறையின் சுமையை யார் தலையில் ஏற்றின என்று அவர்கள் வினவுவதில்லை.

1946-இல் வெளிவந்த 'ஹியூமரெஸ்க்' படத்தில் ஜான் கார்ஃபீல்டு ஏழைக் குடும்பத்து வயலின் கலைஞன். ஜோன் கிராஃபோர்டு ஏற்ற செல்வச் சீமாட்டியின் ஆதரவால் புகழ் பெறுகிறான். அவனுக்கு இசைக்குப் பின்னரே எவரும். ஆயினும் இறுதியில் கடலில் இறங்கி உயிர்விடுபவள் அவளே. அவன் வருந்துகிறான், மேடையோ அவனுக்காகக் காத்திருக்கிறது.

டாரதி பேக்கர் 1938-இல் எழுதிய 'யங் மேன் வித் எ ஹார்ன்' நாவலின் எக்காளக் கலைஞன் குடியால் அழிந்து மாண்டுபோகிறான். 1950-ஆம் ஆண்டுப் படத்தில் கிர்க் டக்ளஸ் பிழைத்துக்கொள்கிறார். அவன் குடிகாரனானதில் பெரும்பங்கு லாரன் பகால் ஏற்ற மனைவியைச் சேர்கிறது. கைதூக்கிவிடும் கடமை டோரிஸ் டே ஏற்ற பாடகிக்கு! கெடுப்பதற்கு ஒருத்தி, மீட்பதற்கு ஒருத்தி. அவன் செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

இவற்றினும் கொடிது 1955-இல் வந்த 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்'. நெல்சன் ஆல்கிரென் 1949-இல் எழுதிய நாவலில், போதைக்கு அடிமையான நாயகனே போதை விற்பவனைக் கொல்கிறான், முடிவில் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆட்டோ பிரெமிங்கர் எடுத்த படத்திலோ அக்கொலையைச் செய்பவள் அவன் மனைவி. விழுந்து மடிபவளும் அவளே. டிரம் கலைஞனாகத் துடிக்கும் நாயகன் வேறொருத்தியோடு நடந்து செல்கிறான். பிராங்க் சினாட்ராவின் நடிப்பு உயர்ந்தது. அந்த உயர்வு இந்த அநீதிக்கு ஈடாகாது.

தணிக்கை விதிகள் அவ்வாறு கட்டாயப்படுத்தின என்று வாதிடுவார் உளர். 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த அவ்விதிகள், குற்றம் தண்டனையின்றிப் போகலாகாது என்றன. ஆணின் குற்றத்தைப் பெண்மீது மாற்றுக என்று கூறவில்லை. மேலும், பிரெமிங்கரின் படம் அவ்விதிகளின் ஒப்புதல் முத்திரை இன்றியே திரைக்கு வந்தது. விதியை மீறத் துணிந்தவர், பழியை மாற்றும் பழக்கத்தை மீறவில்லை.

தன் குறைக்குத் தானே விலை கொடுப்பவனே கதைமாந்தனாக நிமிர்ந்து நிற்பான். கோவலன் திருந்தினான் என்பதற்காக இளங்கோவடிகள் அவனை மதுரையில் காப்பாற்றிவிடவில்லை. கதை படிக்கும் மாணவன், பிழை செய்தவர் யார், துன்புற்றவர் யார் என்று இரண்டு கேள்விகள் கேட்கட்டும். விடைகள் வேறுபட்டால், காரணம் கேட்கும் துணிவையும் ஆசிரியர் அவனுக்கு ஊட்டட்டும்.