டிசம்பர் 31-இல் காலாவதியாகும் விவசாயம்

2023 செப்டம்பரில் மலேசியக் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி கிடைக்காமல் போனது. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியா அந்த ஜூலை மாதம் தடை போட்டிருந்தது. செப்டம்பர் முதல் நாள், அரிசி இறக்குமதியைக் கையில் வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏற்றியது. விலைக்கட்டுப்பாட்டில் இருந்த உள்ளூர் அரிசியைத் தேடி மக்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். உணவு உத்தரவாதம், தன்னிறைவு என்ற சொற்கள் அமைச்சர்களின் பேச்சில் தவறாமல் இடம்பெற்றன. அந்தப் பேச்சின் சூடு ஆறவில்லை. அக்டோபர் 24ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே கந்தானில், பயிர் நின்ற காய்கறித் தோட்டங்களுக்குள் அமலாக்க அதிகாரிகளும் இயந்திரங்களும் புகுந்தார்கள்.

சில்வர் வேலி தொழில்நுட்பப் பூங்காவுக்காக அந்த நிலம் பேராக் மாநில மேம்பாட்டுக் கழகத்துக்கு வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகளாக அங்கே கீரையும் காயும் விளைவித்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. தடுக்கப் போன மலேசிய சோசலிசக் கட்சியின் தலைவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் உள்ளிட்டோரைப் போலீஸ் பிடித்துச் சென்றது. பத்தாண்டுகள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். செய்தி இரண்டு நாள் ஓடி அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கக் கூடாத செய்தி அது. இளையோரை விவசாயத்துக்கு அழைக்கும் அரசும், விவசாயிகளை நிலத்திலிருந்து இறக்கிவிடும் அரசும் ஒன்றாகவே இருப்பது பேராக்கில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு 'இளம் வேளாண் தொழில்முனைவோர்' மானியம் என்று 20,000 ரிங்கிட் வரை தருகிறார்கள். பயிற்சி தருகிறார்கள், டிரோன் காட்டுகிறார்கள், சொட்டுநீர்க் குழாய் காட்டுகிறார்கள், சான்றிதழோடு நிழற்படமும் எடுக்கிறார்கள். அந்தக் குழாயை எந்த மண்ணில் பதிப்பது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் எந்த மேடையிலும் பதில் வருவதில்லை.

இந்தக் கேள்வி ஈப்போவைச் சுற்றியுள்ள தமிழ் இளைஞர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கடிக்கும். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பெங் பக்கம் பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இவர்கள். தாத்தா மரம் சீவினார், பாட்டி பால் எடுத்தார், லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையும் காய்கறிப் பாத்தியும் இருந்தன. இன்றைய பேரன் தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளில் மிளகாய் நடுகிறான். ஏ உரம், பி உரம் என்று தனித்தனியாகக் கரைத்து, கரைசலின் செறிவைக் கருவியால் அளந்து, ஒவ்வொரு செடிக்கும் குழாய் வழியாகச் சொட்டவிடுகிறான். மழை நேரே விழாதபடி மேலே பிளாஸ்டிக் கூரை போடுகிறான். இலைச்சுருட்டை நோயைப் பரப்பும் வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். நட்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு, அதன் பிறகு பல மாதங்கள் தொடர் பறிப்பு. படித்துச் செய்யும் வேலை இது. தொழிற்சாலை ஷிப்டைவிடக் கடினமானது, ஒழுங்காக நடந்தால் அதைவிட நல்ல வருமானமும் தரக்கூடியது.

இதில் ஆள் கிடைக்கவில்லை என்பது பொய். நிலம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. மின்கம்பிக்குக் கீழே, ஆற்றோரத்தில், வீடமைப்பு நிறுவனம் இன்னும் கைவைக்காத பழைய தோட்டத்தின் மூலையில் என்று ஒட்டுத்துண்டுகளில்தான் இவர்கள் நிற்கிறார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருப்பவருக்கு மாவட்ட நில அலுவலகம் டி.ஓ.எல். தரும், அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம்.

அந்த உரிமம் என்ன என்பதை ஒவ்வொரு வாசகரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, பிரிவு 67: தற்காலிக உரிமம் எந்த மாதத்தில் தொடங்கினாலும் அந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகும். ஜனவரியில் வாங்கினால் பன்னிரண்டு மாதம், செப்டம்பரில் வாங்கினால் நான்கே மாதம். புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் நில அலுவலகத்தின் விருப்பம். பிரிவு 68: உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்தது. மகனுக்குப் போகாது, மனைவிக்கும் போகாது, பிறருக்கு மாற்றியும் தர முடியாது. பிரிவு 48: அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்து உழைத்தாலும் அந்த உழைப்பால் எந்த உரிமையும் பிறக்காது.

இந்த நாட்காட்டியைப் பயிரின் நாட்காட்டியோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய முசாங் கிங் டுரியான் முதல் காய் காட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். பால்மரத்தில் உளி வைக்க ஐந்தாறு ஆண்டு. செம்பனை குலை தள்ள மூன்று ஆண்டு. தம்பூனுக்குப் பெயர் வாங்கித் தந்த பம்பளிமாஸும் நட்டவனைப் பல ஆண்டு காக்க வைத்துத்தான் பலன் தரும். பெண் கன்று பிறந்து, வளர்ந்து, சினை பிடித்து, ஒன்பது மாதம் சுமந்து, மடியில் பால் இறங்கச் சுமார் மூன்று ஆண்டு. டிசம்பர் 31-க்குள் முழுக் கணக்கு முடியும் பயிர் என்று தேடினால் கீரை தேறும், வெள்ளரி தேறும், பயற்றங்காய் தேறும். மிளகாய்கூட முழுசாகத் தேறாது. செடி காய்க்கத் தொடங்கும், கூரைக்கும் குழாய்க்கும் போட்ட பணம் பாதிகூட வந்திருக்காது, ஆண்டு முடிந்துவிடும்.

எனவே டி.ஓ.எல்.காரர் மரம் நடுவதில்லை. கிணறு வெட்டுவதில்லை, மண்ணுக்குச் சாணமும் சுண்ணாம்பும் போட்டு ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்துவதில்லை. நவீன விவசாயம் என்று அரசு மேடையில் காட்டும் எல்லாமே நீண்டகால முதலீடு. நீண்டகாலம் இல்லாதவரிடம் அதைச் செய் என்று சொல்வதில் அறிவும் இல்லை, அறமும் இல்லை. வங்கி கேட்கும் முதல் தாள் நிலத்துக்கான ஆவணம். நல்ல விவசாய நடைமுறைக்கான மைகெப் தரச்சான்றிதழுக்குப் போனாலும் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான சான்றைக் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாத காயைப் பெரிய பேரங்காடிகளுக்குள் கொண்டுபோவது கடினம். கடைசியில் தரகரின் லோரி வந்து அவர் சொல்லும் விலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. எல்லா முடிச்சும் அந்த ஒற்றைத் தாளில் விழுந்திருக்கிறது.

பேராக்கில் நிலம் எப்போதும் இப்படி எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்டதா? இல்லை. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் அங்கே நிற்கிறது. அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் நிரந்தரப் பட்டாவில் நிலம் பெற்றன. மரத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்று அன்றைய ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. காட்டை வெட்டி, மலேரியாவில் மடிந்து, அந்தப் பட்டாவுக்கு மதிப்பு ஏற்றிய தமிழனுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. வேலை போனால் அறையும் போனது.

1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது இந்த உண்மை தெருவுக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் விற்றார்கள், இடைத்தரகர்கள் வாங்கிக் கூறுபோட்டார்கள், தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அப்போது செய்ததை இன்றைய தலைவர்கள் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளித் தவணை. தோட்டம் தோட்டமாகப் போய், நாள்கூலி வாங்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களின் சொத்தானது. அதன் பின் மேலும் பல தோட்டங்கள் வந்தன. நிலத்தின் அருமை தெரிந்த ஒரு தலைமுறை அது.

ஆனால் பத்து வெள்ளித் தவணையால் மட்டும் ஒரு சமுதாயத்துக்கே நிலம் வாங்கிவிட முடியாது. அதற்கு அரசு வேண்டும். அரசு நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நில மேம்பாட்டு வாரியமான பெல்டா சாட்சி. 1956-இல் தொடங்கிய பெல்டா, ஒரு குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர் என்று 112,635 குடும்பங்களை நிலத்தில் குடியேற்றியது. காடு அழித்துக் கொடுத்தது, கன்று கொடுத்தது, காய்க்கும்வரை கைச்செலவுக்குக் கடன் கொடுத்தது, சாலையும் பள்ளியும் கொடுத்தது. கடனை அடைத்தவருக்குப் பட்டாவும் கொடுத்தது. நிலமற்ற கிராமத்துப் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆனார்கள். குடியேறியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள், தமிழர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அதன் வெற்றியைக் குறை சொல்ல இங்கே எதுவுமில்லை. பிற்காலத்தில் பெல்டா கடனில் சிக்கியது மேலிருந்தவர்களின் நிர்வாகக் கோளாறு, பத்து ஏக்கர் தத்துவத்தின் தோல்வி அன்று. வியப்பு ஒன்றே ஒன்றுதான். இத்தனை தெளிவான பாடத்தைக் கையில் வைத்திருக்கும் நாடு, 1980-க்கும் 2000-க்கும் இடையில் தோட்டங்களை விட்டு வெளியேறிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு ஏக்கர் கணக்கில் எதையும் யோசிக்கவில்லை. அடுக்குமாடி மலிவு வீட்டை மட்டும் யோசித்தது. மாடு வளர்த்தவர் ஐந்தாம் மாடியில் மாட்டை எங்கே கட்டுவார்?

மாட்டுக்காரர்களின் கதை தனிக் கொடுமை. மலேசியாவில் உண்ணப்படும் மாட்டிறைச்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட உள்நாட்டில் உற்பத்தியாவதில்லை. ஆட்டிறைச்சியில் நிலைமை இன்னும் மோசம். செம்பனைக்குள் மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள், அமைச்சும் ஒப்புக்கொள்கிறது. இருந்தும் தோட்டம் கைமாறும் ஒவ்வொரு முறையும் முதலில் வெளியேற்றப்படுவது மாடுதான். பிறகு அது சாலையோரம் மேயும், பிடிபடும், உரிமையாளர் அபராதம் கட்டுவார். மூன்று தலைமுறை மாட்டு அறிவு இப்படித்தான் அழிகிறது.

'கந்தான் விவசாயிகள் அத்துமீறிக் குடியேறியவர்கள், சட்டம் சட்டம்தானே' என்பார்கள். சட்டப்படி விண்ணப்பித்துக் காத்துக் கிடந்தவர்களுக்கு எத்தனை பட்டா கொடுத்தீர்கள் என்று அவர்களைக் கேட்க வேண்டும். 'தொழிற்பூங்கா வேலை தரும்' என்பார்கள். தரட்டும். பயனின்றிக் கிடக்கும் பழைய ஈயக்குட்டை நிலம் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கும்போது, விளைகிற மண்ணின் மேல்தான் அந்தப் பூங்கா வர வேண்டுமா? அந்தக் குட்டைகளிலேயே தஞ்சோங் துவாலாங்கில் நன்னீர் இறால் வளர்த்து ஓர் ஊரே பெயர் எடுத்திருக்கிறது.

'சிறு விவசாயி எதற்கு, அடுக்குமுறைப் பண்ணையில் கம்பெனிகள் விளைவித்துத் தரும்' என்பது படித்தவர்களின் புதுப் பல்லவி. அமெரிக்காவில் ஏரோபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பவரி 2024-இல் கதவை மூடியது. பிளென்டி 2025-இல் அதே பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. கோடிக்கணக்கான டாலரை விழுங்கிய கம்பெனிகள் இவை, பெரும்பாலும் தந்தது சாலட் இலை. கத்தரிக்காயும் முருங்கையும் மாட்டுப் பாலும் அங்கிருந்து வரப்போவதில்லை.

நீண்ட குத்தகை தரச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. அதே நிலச் சட்டம் 99 ஆண்டு வரை நிலம் ஒப்படைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2020-இல் பகாங் மாநில அரசு ரவூப் டுரியான் நிலத்தில் 5,357 ஏக்கரை ராயல் பகாங் டுரியான் குழுமத்தோடு இணைந்த நிறுவனத்துக்கு 30 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அங்கே மரம் நட்டு வளர்த்த விவசாயிகள் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில் சுங்கை கிளாவ் பக்கம் காய்ப்பில் இருந்த ஏறத்தாழ 200 டுரியான் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கம்பெனிக்கு முப்பது ஆண்டு, உழுதவனுக்கு மரமறுக்கும் இயந்திரம். நிலம் இல்லை என்பதும் சட்டம் இல்லை என்பதும் வெறும் சாக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2022-இல் நாடு 75 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உணவு இறக்குமதி செய்தது. நாம் தின்னும் மிளகாயில் பத்தில் ஏழு பங்கு வெளியிலிருந்து வருகிறது. பேராக்கில் இன்று ஓராண்டு உரிமத்திலும், உரிமமே இல்லாமலும் பயிர் செய்வோருக்கு முப்பது ஆண்டுக் குத்தகை கொடுத்துப் பாருங்கள். பத்தே ஆண்டில் அந்த மிளகாய்க் கணக்கு தலைகீழாக மாறும் என்று துணிந்து சொல்லலாம்.

நிலம் மாநில அதிகாரப் பட்டியலில் உள்ளது. புத்ராஜெயாவைக் கைகாட்டி மந்திரி பெசார் சாரணி முகமட் ஒதுங்க முடியாது. வேலை இந்த ஈப்போவில்தான் நடக்க வேண்டும். உழைக்கும் விவசாயிக்கு முப்பது ஆண்டுக் குத்தகை வேண்டும், அது பிள்ளைக்கும் போக வேண்டும். வீடமைப்புக்கோ தொழிற்பூங்காவுக்கோ மாற்றப்படும் ஒவ்வொரு பழைய தோட்டத்திலும் பத்தில் ஒரு பங்கு காய்கறிக்கும் கால்நடைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மாற்று நிலம் கையில் தரும்வரை எந்தத் தோட்டத்துக்குள்ளும் இயந்திரம் இறங்கக் கூடாது. இந்த மூன்றையும் பேராக் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரும் பொறுப்பு, தோட்டத்து ஓட்டில் ஜெயித்துப் போன நம் சட்டமன்ற உறுப்பினர்களுடையது. அவர்கள் கொண்டுவரவில்லையென்றால், அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும்போது ஏன் கொண்டுவரவில்லை என்று கேளுங்கள்.