சொன்னாப் புரியாதாம்... கேட்டுப் பாத்தீங்களா சார்?

"இந்த ஜனங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் மண்டையில ஏறாது சார்."

கால்நடைத் துறையில யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் பத்து நிமிஷத்துக்குள்ள இந்த டயலாக் வந்துடும். டாக்டர் சொல்வார், பக்கத்துல ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிற உதவியாளர் தலையாட்டுவார். பேப்பருக்குப் பேட்டின்னா இதையே கொஞ்சம் நாசூக்கா "கால்நடை வளர்ப்போரிடம் போதிய விழிப்புணர்வு இல்லை"ன்னு போட்டுடுவாங்க. இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரா. டாக்டர்களுக்கு எதிரா இல்ல. பின்னூட்டத்துல கும்முறதுக்கு முன்னாடி இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க மக்கா :-)

முதல்ல இந்த "விழிப்புணர்வு"ங்கிற வார்த்தையை எடுத்துக்குவோம். அதுக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. எதிராளி தூங்குறான், நாம போய் எழுப்பணும், எழுப்பினா சரியாப் போயிடும். அதாவது விஷயம் தெரியாததுதான் பிரச்சனை, தெரிஞ்சா மாறிடுவாங்க.

அப்படியா? சென்னையில அடுக்குமாடிக் குடியிருப்புல லாப்ரடார் வளர்க்கிற நம்ம பொட்டி தட்டுற நண்பர்களைப் பாருங்க. எம்.டெக், எம்.பி.ஏ. எல்லாம் படிச்சவங்க. "பிஸ்கட் போடாதீங்க, எடை ஏறிடுச்சு, மூட்டு போயிடும்"னு டாக்டர் ஒவ்வொரு வாட்டியும் சொல்றார். இவங்களும் கூகுள்ல நாலு கட்டுரை படிச்சாச்சு. சாயங்காலம் நாய் மூஞ்சியைத் தூக்கிப் பாத்ததும் கை தானா பிஸ்கட் டப்பாவுக்குப் போகுது. இவங்களுக்கு யாரும் "விழிப்புணர்வு இல்ல"ன்னு பேட்டி கொடுக்கிறதில்ல. உத்திரமேரூர் பக்கம் ரெண்டு கறவை மாடு வெச்சிருக்கிற அம்மாவுக்குத்தான் அந்தப் பட்டம்.

சரி, எங்க ஊர்ப் பக்கத்துக்கே வருவோம். கோமாரி ஊசி. 2013-ல் கர்நாடகா, தமிழ்நாடுன்னு கோமாரி பரவினப்ப எத்தனை மாடு செத்துச்சுன்னு டெல்டா பக்கத்து ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. 2019 செப்டம்பர்ல மத்திய அரசு கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்குச்சு. 13,000 கோடி ரூபாய்க்கு மேல ஒதுக்கினாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கோமாரி ஊசி, மாட்டுக் காதுல 12 இலக்க நம்பர் போட்ட மஞ்சள் வில்லை, 2030-க்குள்ள நோயையே ஒழிக்கணும்னு இலக்கு. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா அத்தனை கோடியும் கடைசியில ஒரு கயித்துலதான் தொங்குது. மாட்டை அவுத்து முகாமுக்கு ஓட்டிட்டு வர்ற அந்தக் கயிறு. அது யார் கையில இருக்கு?

முகாம்ல வழக்கமா நடக்கிற பேச்சு இது:

"ஏம்மா, மாட்டை ஏன் ஓட்டிட்டு வரல?"
"ஊசி போட்டா பாலு கொறையுது சார்."
"அதெல்லாம் ஒண்ணும் கொறையாது. எவனோ கெளப்பி விட்ட வதந்தி. கோமாரி வந்தா மாடு போயிடும், தெரியுமில்ல?"
"சரிங்க சார்."

இந்த "சரிங்க சார்" இருக்கே, தமிழ்நாட்டுலயே ரொம்பத் தப்பாப் புரிஞ்சுக்கப்பட்ட ரெண்டு வார்த்தை இதுதான். டாக்டர் அதை சம்மதம்னு எடுத்துக்கிறார். அந்தம்மா சொன்னது "பேச்சை முடிச்சுக்கலாம்". அடுத்த முகாம் அன்னிக்கு மாடு ஏரிக்குள்ள மேஞ்சிட்டிருக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, அந்தம்மா சொன்னது வதந்தியே இல்ல. கோமாரி ஊசி போட்டா சில மாட்டுக்கு ரெண்டு மூணு நாள் காய்ச்சல் அடிக்கும், தீனி எடுக்காது, பால் கொஞ்சம் குறையும். டாக்டருக்கும் அது தெரியும். மாட்டை வரவழைக்கணுமேன்னு ஒரு சின்னப் பொய் சொல்றார். தினமும் கைப்பட கறந்து அளந்து ஊத்துறவகிட்ட பால் கணக்குல பொய் சொன்னா எடுபடுமா? அதுக்கப்புறம் அவர் சொல்ற நிஜத்தையும் அவங்க நம்பப் போறதில்ல.

இப்ப இதையே கொஞ்சம் மாத்திப் பாருங்க.

"போன வாட்டி ஊசி போட்டப்ப என்னம்மா ஆச்சு?"
"ரெண்டு நாளு தீனி எடுக்கல சார். பாலு கொறைஞ்சிடுச்சு."
"ஆமா, சில மாட்டுக்கு அப்படி ஆகும். ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். கோமாரி வந்த மாட்டைப் பாத்திருக்கீங்களா?"
"எங்க அண்ணி ஊட்ல பாத்திருக்கேன் சார். எச்சி ஒழுவ நின்னுச்சு. கன்னுக்குட்டி செத்தே போச்சு. அந்த மாடு பொழைச்சும் பிரயோஜனமில்ல, வெயில் வந்தா மூச்சு வாங்கினே நிக்கும். வந்த வெலைக்கு வித்துட்டாங்க."
"உங்களுக்கு எப்ப வந்தா தோதுப்படும்?"
"காலைல சங்கத்துல பாலு ஊத்திட்டு வந்த பிறகுன்னா ஓட்டினு வரேன் சார்."

கவனிச்சீங்களா? கோமாரியோட கொடுமையை இந்த வாட்டி சொன்னது டாக்டர் இல்ல, அந்தம்மா. வெறும் மூணு கேள்விதான். ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

இது ஏதோ நான் உக்காந்து கண்டுபிடிச்ச வித்தை இல்லீங்க. குடிக்கு அடிமையானவங்களோட பேசிப் பேசி 1983-ல் வில்லியம் மில்லர்ங்கிற மனோதத்துவ நிபுணர் எழுதி வெச்சது. அப்புறம் ஸ்டீபன் ரோல்னிக்கோட சேர்ந்து 1991-ல் புத்தகமாவே போட்டார். சாரம் இதுதான்: மாறலாமா வேணாமான்னு ரெண்டு மனசுல இருக்கிறவன்கிட்ட நீங்க "மாறு"ங்கிற பக்கத்தை எடுத்துப் பேசினா, அவன் தானா "மாறாதே"ங்கிற பக்கத்துக்கு வக்கீலாயிடுவான். பேசப் பேச அவன் வாதத்தை அவனே நம்பிடுவான். அதனால கேளு, காது கொடு, மாறுறதுக்கான காரணத்தை அவன் வாயாலயே வரவை. ஏதாவது தகவல் சொல்லணும்னா "ஒண்ணு சொல்லட்டுமா?"ன்னு அனுமதி கேட்டுட்டு சொல்லு.

கால்நடை டாக்டர்களுக்கும் இது பொருந்துமான்னு வெளிநாட்டுல பாத்துட்டாங்க. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆளுங்க, பிரிட்டன்ல மாட்டு டாக்டர்கள் எப்படிப் பேசுறாங்கன்னு ஆராய்ஞ்சு 2017-ல் ஒரு கட்டுரை போட்டாங்க. அங்கேயும் இதே கதைதான். டாக்டரே பிரச்சனையைச் சொல்றார், டாக்டரே தீர்வைச் சொல்றார், பண்ணைக்காரர் "ம்" கொட்டுறார். ஆக, இது படிக்காத ஜனங்களோட வியாதி இல்ல. படிச்சவங்க பேசுற முறையில இருக்கிற வியாதி.

அடுத்தது மடிநோய். நோட்டீஸ்ல என்ன இருக்கும்? தரையை சுத்தமா வை, கறந்து முடிச்சதும் காம்பை மருந்துக் கரைசல்ல முக்கு, மாசாமாசம் பாலைப் பரிசோதனை பண்ணு. மண் தரை கொட்டாய்ல, விடியக்காலை இருட்டுல ஒத்தையாளா கறந்துட்டு, சங்கத்து வண்டி போறதுக்குள்ள கேனைத் தூக்கிட்டு ஓடுறவங்ககிட்ட இந்தப் பட்டியலை நீட்டினா என்ன பண்ணுவாங்க? "சரிங்க சார்"தான்.

அதுவே "பால் கறந்த பிறகு மாடு என்னம்மா பண்ணும்?"னு கேட்டுப் பாருங்க. "படுத்துக்கும் சார்"னு பதில் வரும். கறந்து முடிச்சதும் காம்புத் துவாரம் உடனே மூடாது, அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த நேரத்துல சாணியில படுத்தாத்தான் கிருமி உள்ள ஏறுது. அப்போ கறக்கிறதுக்கு முன்னாடி போடுற வைக்கோலை கறந்த பிறகு போடச் சொன்னா? மாடு நின்னுக்கிட்டே தின்னும். காம்பும் மூடிடும். காசு செலவில்ல, கூடுதல் வேலையும் இல்ல, வரிசையை மாத்தினாப் போதும். பத்து விஷயம் சொல்லி ஒண்ணும் நடக்காம போறதை விட, ஒரு விஷயம் நடந்தா அடுத்த மாசம் அந்தம்மாவே "வேற என்ன சார் பண்ணலாம்?"னு கேப்பாங்க.

பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொன்ன சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு ஊர் ஊரா பரவினது ஞாபகம் இருக்கா? அந்தப் பூச்சு எந்த அளவுக்குக் கேட்குதுன்னு டாக்டர்கள் அடிச்சுக்கட்டும். ஆனா ஜனங்க அதை ஏன் உடனே பிடிச்சுக்கிட்டாங்கன்னு யோசிங்க. வீட்டுல இருக்கிற பொருள், தன் கையால செய்யிற வேலை, "உனக்கும் தெரியும்"ங்கிற மரியாதை. நம்ம முகாம்கள்ல எதுக்குப் பஞ்சமோ, அது மூணும் அதுல இருந்துச்சு.

இன்னொரு சோம்பேறி வழி தடை. கறவைக்கு ஆக்சிடோசின் ஊசி போடுறாங்கன்னு 2018 ஏப்ரல்ல மத்திய அரசு அந்த மருந்தைத் தனியார் கம்பெனிகள் தயாரிக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. பிரசவத்துல ரத்தப்போக்கை நிறுத்துற மருந்தாச்சே அது! அந்த டிசம்பர்லயே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. இந்தக் கலாட்டாவுல யாருமே கேக்காத கேள்வி, அந்த ஊசியை ஏன் போடுறாங்க? கன்னு செத்துப் போன மாடு பால் எறக்காது. அதுக்குத்தான் அந்தக் காலத்துல கன்னுத் தோலுக்குள்ள வைக்கோல் திணிச்சு மாட்டுக்கு முன்னாடி நிறுத்தினாங்க. அப்போ பேச வேண்டியது ஊசியைப் பத்தி இல்ல, பொறந்த உடனே சீம்பால் குடிக்காம, குடல்புழு மருந்து பாக்காம சாகுற கன்னைப் பத்தி.

யார்கிட்ட பேசுறோம்ங்கிறதும் இருக்கு. சாணி அள்றது, தீனி போடுறது, கறக்கிறது, மாடு ஒரு மாதிரியா இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க. முகாம்ல நாற்காலி போட்டு உக்காந்து தலையாட்டுறது ஆம்பளைங்க. 2011-ல் விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டம் வந்தப்ப பொம்பளைங்க பேர்லதான் கொடுத்தாங்க. மாடு அவங்க பேர்ல, பேச்சு மட்டும் ஊட்டுக்காரர்கிட்ட. நல்லா இருக்கு நியாயம்!

எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919, 921-ஆம் வருஷம். பிரதமர்ல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் பேசுவாங்க. ஆனா அந்தக் குடத்துல பேர் விழணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். மாடு மேய்ச்சவன் பேரு அந்தக் குடத்துல விழவே இல்ல. சாணி அள்ளினவ பேரு சொல்லவே வேணாம். 1,100 வருஷம் ஆச்சு. மாட்டைப் பத்தின முடிவை மாட்டைப் பாத்துக்கிறவங்களைக் கேக்காமயே எடுக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கு.

"கேட்டுக்கிட்டு உக்காந்தா நோய் ஒழியுமா?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். ஒழிஞ்சிருக்கு சாமி. வெக்கை நோய். 2006-ல் இந்தியா, 2011-ல் உலகம் மொத்தமும் அதுல இருந்து விடுபட்டுச்சு. மனுஷன் பூமியை விட்டே ஒழிச்சது ரெண்டே நோய்தான், பெரியம்மைக்கு அடுத்தது இது. கடைசியில நோய் ஒளிஞ்சிருந்த இடங்கள்ல ஒண்ணு எத்தியோப்பியாவோட அஃபார் பகுதி. அரசு டாக்டர்கள் போக முடியாத இடம். 1990-கள்ல என்ன பண்ணாங்க? வெயில் தாங்குற தடுப்பூசியை அந்த மேய்ப்பர்கள் கையிலேயே கொடுத்து, அவங்க ஆளுங்களுக்கே பயிற்சி கொடுத்தாங்க. நோய் எங்க இருக்குன்னு மேய்ப்பர்கள்கிட்டயே, அவங்க வெச்ச பேர்லயே கேட்டாங்க. நாடோடி மேய்ப்பனுக்கு "மண்டையில ஏறாது"ன்னு விட்டிருந்தா அந்த நோய் இன்னும் இருந்திருக்கும்.

டாக்டர்கள் பக்கத்து நியாயமும் இருக்கு, மறைக்கல. 5,000 மாட்டுக்கு ஒரு டாக்டர் வேணும்னு தேசிய வேளாண் ஆணையம் சொன்னது 1976-ல். ஒரு காலை வேளையில இத்தனை ஊசி, இத்தனை வில்லை, அத்தனையும் மொபைல்ல ஏத்தணும்னு நெருக்கினா, மனுஷன் எப்ப கேள்வி கேப்பார்? மேலிடம் எண்ணுறது ஊசியை. "போன வாட்டி வராத மாடு இந்த வாட்டி ஏன் வந்துச்சு?"ன்னு எண்ணுறதுக்கு ஒரு கட்டம் எந்தப் படிவத்துலயாவது இருக்கா?

அப்புறம், பேச்சால தீராததும் உண்டு. மடிக்குள்ள ஆன்டிபயாடிக் டியூப் ஏத்தினா, அட்டையில போட்டிருக்கிற நாள் வரைக்கும் பாலை சங்கத்துக்கு ஊத்தக் கூடாது. நியாயம்தான். ஆனா அத்தனை நாள் பாலைக் கீழ கொட்டுற நஷ்டம் மொத்தமும் அந்தம்மா தலையில. குடிக்கிற நமக்கு நல்லது, காசு அவங்களோடது. இங்க எவ்வளவு இனிமையாப் பேசினாலும் வேலைக்காகாது. அந்த நஷ்டத்துல சங்கமோ அரசோ பங்கு எடுக்கணும். இதைச் செய்யாம "பொறுப்பில்லாத ஜனங்க"ன்னு திட்டுறது அயோக்கியத்தனம்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்ல. 1903-ல் தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில இருந்து வெளிய வர்ற ஒவ்வொரு பிள்ளையும், மாட்டுக்கு நரம்பு ஊசி போட்டுக் காட்டுற மாதிரி, மாட்டுக்காரம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசிக் காட்டி பாஸ் பண்ணட்டும். முகாம் நேரத்தை பால் ஊத்துற நேரம், நடவு, அறுப்பு பாத்து ஊர்ல கேட்டு வைங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்க, அடுத்த வாட்டி போய் அது என்னாச்சுன்னு கேளுங்க.

"சொன்னாப் புரியாது"ங்கிறது ஒரு நோயைக் கண்டுபிடிச்ச முடிவு மாதிரிதான் கேட்கும். ஆனா மாட்டைத் தொட்டுப் பாக்காம எந்த டாக்டரும் முடிவு சொல்றதில்ல. மனுஷங்க விஷயத்துல மட்டும் ஏன் சார் சொல்றீங்க?

டிஸ்கி: இதைப் படிக்கிற கால்நடை டாக்டர் யாராவது இருந்தா, திட்டணும்னாலும் பின்னூட்டத்துல வந்து திட்டுங்க. நாய் வளர்க்கிற நண்பர்கள் அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து மேல் அலமாரியில வைங்க. மாட்டீங்கன்னு தெரியும் :-) ஏன் முடியலன்னாவது எழுதுங்க, கேட்டுக்கிறேன்.