பற்றில்சிப் வாங்காதேங்கோ

அக்சிஸ் அன்ட் அலைஸ் விளையாடுற ஆட்களுக்கு ஒரு பொதுவான வருத்தம் இருக்கு. கையில 20 ஐபிசி சேர்ந்த உடன ஒரு பற்றில்சிப் வாங்கோணும். (ஐபிசி எண்டது இங்க விளையாட்டுக் காசு, லண்டன் வானொலி இல்லை.) பார்க்க வடிவான கப்பல், இரண்டு அடி தாங்கும், டைஸில 4 அல்லது அதுக்குக் கீழ விழுந்தா எதிரிக்கு அடி. இதை விடப் பெரிய கப்பல் விளையாட்டிலேயே இல்லை. என்னைக் கேட்டா, இதை விடக் காசைக் கடலில கொட்டுற வழியும் இல்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். லாரி ஹாரிஸ் வடிவமைத்த இது 1981இல் முதலில் வெளிவந்தது. 1984இல் மில்டன் பிராட்லி நிறுவனம் போட்ட பிறகுதான் பரவலானது. நான் இங்கே கதைப்பது 2012இல் வந்த '1942' இரண்டாம் பதிப்பைப் பற்றி. ஐந்து நாடுகள், உலக வரைபடம், 1942 வசந்த காலத்தில் ஆட்டம் தொடங்கும். பெட்டியின் விலைக்கு ஒரு மாதம் போடிங்கில இருக்கலாம். அதனால நாங்கள் ட்ரிபிள்ஏ எண்ட இலவச மென்பொருளில் மடிக்கணினியில்தான் அடிபடுகிறோம்.

இப்ப கணக்குக்கு வருவம். 40 ஐபிசி இருக்கு எண்டு வையுங்கோ. இரண்டு பற்றில்சிப் வாங்கினால் மொத்தத் தற்காப்புப் பலம் 8, நான்கு அடி தாங்கும். அதே 40க்கு ஐந்து நாசகாரிக் கப்பல் வரும்: பலம் 10, ஐந்து அடி தாங்கும். அல்லது 14க்கு ஒரு விமானந்தாங்கி, 20க்கு அதுக்கு மேல இரண்டு சண்டை விமானம். 34 ஐபிசியிலேயே பலம் 10 வந்திடும், மிச்ச 6க்கு இரண்டு காலாட்படையும் எடுக்கலாம். அதோட அந்த விமானங்கள் அடுத்த முறை தரையில போய் அடிக்கும். பற்றில்சிப் மலையேறாது.

தாக்குதலில் நிலைமை இன்னும் மோசம். 60க்கு மூன்று பற்றில்சிப், அல்லது பத்து நீர்மூழ்கி. எதிரியிடம் நாசகாரி இல்லாவிட்டால் நீர்மூழ்கிகள் முதலில் அடிக்கும். பத்தும் 2இல் உருட்டினால் சராசரியாக மூன்றுக்குக் கொஞ்சம் மேல் அடி விழும், திருப்பி விழுவது இரண்டு. இரண்டாம், மூன்றாம் சுற்றோட பற்றில்சிப் கதை முடிஞ்சுது. நீர்மூழ்கிக்கு விமானத்தை அடிக்க ஏலாது, தற்காப்பில் 1தான், இதெல்லாம் உண்மை. ஆனா 6 ஐபிசிக்கு இதை விட என்ன எதிர்பார்க்கிறீங்கள்?

பற்றில்சிப்பை ஆதரிக்கிற ஆட்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. இந்தப் பதிப்பில் முதல் அடி சும்மா. சண்டை முடிய சேதம் தானாகவே சரியாகிவிடும். சின்னச் சின்னச் சண்டைகளை ஒவ்வொரு முறையும் பிடிக்கிறவனுக்கு இது இலாபம்தான். தரையிறங்கும்போது கரையை நோக்கிக் குண்டும் போடலாம். ஆகவே தொடக்கத்தில் உங்களுக்குத் தந்திருக்கிற பற்றில்சிப்பைக் கவனமாப் பாவியுங்கோ. புதுசா வாங்கிறதுதான் பிழை. குரூசரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 12 ஐபிசி, ஒரே அடியில் போகும்.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு இல்லை. கடலில் எதுக்காகச் சண்டை பிடிக்கிறோம் எண்ட கேள்வி இதுக்குள்ள இருக்கு. இந்த விளையாட்டில் கடலுக்கு ஒரு ஐபிசியும் வருமானம் இல்லை, எல்லா வருமானமும் தரையில்தான். அப்ப கப்பற்படையின் வேலை, துருப்புக்காவிகளை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எதிரியின் துருப்புக்காவிகளைச் சேரவிடாமல் செய்வது. அவ்வளவுதான். 7 ஐபிசி பெறுமதியான அந்தச் சின்னக் கப்பலுக்காகத்தான் மற்ற எல்லாக் கப்பலும்.

பழைய பதிப்புகளில் துருப்புக்காவி 8 ஐபிசி, தற்காப்பில் 1 உருட்டும். ஆட்கள் அதைப் பலிக்கடாவாக முன்னுக்கு விட்டு, பற்றில்சிப்பைக் காப்பாற்றுவார்கள். புதிய விதியில் அதுக்குத் தற்காப்பே இல்லை, அடி விழும்போது கடைசியாகத்தான் அதை எடுக்கலாம், காவல் கப்பல் இல்லாமல் பிடிபட்டால் டைஸ் உருட்டவும் தேவையில்லை, முழுதும் போச்சு. இது அநியாயம் எண்டு பழைய ஆட்டக்காரர் இண்டைக்கும் சண்டை. எனக்கு இந்த விதிதான் சரி. வீரர்களை ஏற்றிய கப்பலைக் கேடயமாக விட்டுப் போர்க்கப்பலைக் காப்பாற்றுறது எந்த ஊர்க் கடற்படை உத்தி?

யப்பானைப் பாருங்கோ. 46 சென்ரிமீற்றர் பீரங்கிகளோட யமாற்றோவைக் கட்டினார்கள். 1945 ஏப்ரல் 7இல் ஒகினாவாவுக்குப் போற வழியில் அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. அதே யப்பான் தன் வணிகக் கப்பல்களுக்குத் துணை போக ஒரு முழுமையான காவல் தலைமையகத்தை அமைத்தது 1943 நவம்பரில்தான். அதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. போர் முடியும்போது யப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளின் கணக்கில்தான். எண்ணெயைக் கொண்டுவரக் கப்பல் இல்லாத நாட்டுக்கு உலகத்தின் பெரிய பற்றில்சிப் எதுக்கு?

வெறும் விமானந்தாங்கியும் அப்படித்தான். காசு போதாமல், 'விமானம் அடுத்த முறை வாங்குவம்' எண்டு தாங்கியை மட்டும் கடலில் இறக்குற ஆட்கள் உண்டு. தாக்குதல் 1, தற்காப்பு 2. இதுக்கு உதாரணம் தேடி எங்கட கடலைத் தாண்டத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9, யப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின நாள். பிரித்தானியாவின் ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட கப்பல்களில் ஒன்று, துறைமுகத்தை விட்டு வெளியேறிக் கடலில் நின்றது. அதன் தளத்தில் விமானம் ஒன்றும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அதைக் கண்டுபிடித்தார்கள். கூடப் போன வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரியும் சேர்ந்து மூழ்கியது. ஹெர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் இப்பவும் அங்கதான் கிடக்குது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபது வணிகக் கப்பல்களுக்கு மேல் மூழ்கடிக்கப்பட்டன. இங்கதான் விளையாட்டில எனக்கு உண்மையான கோபம். வணிகக் கப்பல் எண்ட ஒன்றே '1942' பலகையில் இல்லை. அத்திலாந்திக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் தேடித் திரிந்தது பற்றில்சிப்புகளை இல்லை, கோதுமையும் எண்ணெயும் ஏற்றின கப்பல்களை. பிரித்தானிய வணிகக் கப்பல்களின் அடித்தட்டில் கரி அள்ளிக் கொட்டினவர்களில் பெருந்தொகையானோர் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து போன லஸ்கார் மாலுமிகள். அதே கப்பலில் வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததை விட அவர்களுக்குச் சம்பளம் குறைவு. பலகையில் அவர்களுக்கு ஒரு பிளாஸ்ரிக் துண்டும் இல்லை. அவர்களின் கப்பல் இல்லாததாலதான் ஜேர்மனி விளையாடுகிறவன் நீர்மூழ்கிகளை மறந்துபோட்டு, முதல் முறையிலேயே போல்ற்றிக் கடலில் 14க்கு ஒரு விமானந்தாங்கி வாங்கி வீணாக்குகிறான். ரஷ்யாவை எதிர்க்க அந்தக் காசுக்கு நான்கு காலாட்படை வந்திருக்கும், இரண்டு ஐபிசி மிச்சமும் வந்திருக்கும்.

இதே விளையாட்டின் 1940 பதிப்புகளில் கப்பற்தொடரை மறிக்கிற விதி இருக்கு. எதிரியின் கரையோரக் கடலில் கப்பல் நிறுத்தினால் அவன்ர வருமானத்தில் வெட்டு விழும். '1942'க்கும் அதைக் கொண்டுவர வேண்டும். நாங்கள் சுருக்கமா ஒரு வீட்டு விதி எழுதியிருக்கிறம்: எதிரியின் தொழிற்சாலை இருக்கிற கரைக்குப் பக்கத்துக் கடலில், அவன் காசு எடுக்கிற நேரம் உங்கட நீர்மூழ்கி நின்றால், ஒவ்வொன்றுக்கும் 2 ஐபிசி குறையும். அதே கடலில் அவனுக்கு ஒரு நாசகாரி நின்றால் வெட்டு இல்லை. இரண்டு ஆட்டம் முடிஞ்சுது, இரண்டிலும் பிரித்தானியா முதல் முறையிலேயே நாசகாரிதான் வாங்கினது. ஜேர்மனிக்கு 2 கூடிப்போச்சு, 1 போதும் எண்டு ஒருத்தன் சொல்றான். மூன்றாவது ஆட்டத்தை 1 எண்டு வச்சு விளையாடப் போறம்.