பாயின்ட் விலைக்குக் கிடைக்காது!

வாலிநோக்கம், கடலாடி வட்டார இளைஞர்களே! பெற்றோர்களே!

"பாயின்ட் போட்டுத் தர்றோம், லண்டன் விசா கன்ஃபார்ம்"னு லட்சக்கணக்கில் கேட்கிறார்களே, பாயின்ட் போடுறது யாரு? ஏஜென்ட்டா? இல்லவே இல்லை. அந்த நாட்டு அரசு!

பிரிட்டன் விசாவுக்கு 70 பாயின்ட் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தில் வேலை 20, வேலையின் தரம் 20, சம்பளம் 20, ஆங்கிலம் 10. 2025 ஜூலை முதல் பெரும்பாலும் பட்டப்படிப்புத் தர வேலைகளுக்கே இடம். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் அப்போதே நின்றுவிட்டது. கனடாவில் வேலை உத்தரவுக்குத் தந்த கூடுதல் பாயின்ட் 2025 மார்ச்சிலேயே போய்விட்டது. இன்னமும் அதைச் சொல்லிப் பணம் கேட்டால் அது பச்சை மோசடி!

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் கட்டாயம். கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்கான்னு பாருங்க. இல்லையா? நகையை அடகு வைக்காதீங்க!

ஆட்சியாளர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி. நடுக்கடலில் படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன் எங்க ஊரில் இருக்கான். கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. சான்றிதழ் இல்லாத திறமைக்கு எந்த நாடு பாயின்ட் தரும்?

1978-லிருந்து அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கு. அதன் முகாம் கடலாடிக்கு வரட்டும்! திறன் சான்றும் ஆங்கிலப் பயிற்சியும் இலவசமாகக் கொடு!

ஏமாற மாட்டோம்! உரிமையை விடமாட்டோம்!

#வாலிநோக்கம் #போலிஏஜென்ட்ஒழிக