துடைப்பதற்கு முன் படியுங்கள்



பள்ளிக் கணினி அறையின் மூலையில், மற்றக் கணினிகளுக்கெல்லாம் கோப்புகளை வழங்கிக்கொண்டு ஓசையின்றி இயங்கும் கணினி ஒன்று இருக்கும். அதைத்தான் 'சர்வர்' என்கிறோம், தமிழில் வழங்கி. அதன் இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் காலையில் அது எழவில்லை என்றால், நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கும். "பார்மட் செய்துவிடுங்கள்" என்பது ஒன்று. "இதற்குத்தான் அப்டேட்டே செய்யக் கூடாது" என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே தவறு என்பது என் கருத்து.

2020ஆம் ஆண்டில் டெலிமா தளம் வந்தபின் நம் கோப்புகள் பல இணையத்திற்குச் சென்றுவிட்டன. எனினும், பழைய வினாத்தாள்கள், போட்டி விளையாட்டு நிழற்படங்கள், மாணவர் கதை சொல்லும் ஒளிப்பதிவுகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் விட்டுச் சென்ற பயிற்றிகள் ஆகியவை இன்னும் பல பள்ளிகளில் அந்த ஒரு பெட்டிக்குள்தான் உள்ளன. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டாலும், அதற்காகத் தொகுத்த பயிற்சிகள் இன்றும் வகுப்பறைக்கு உதவுகின்றன. பார்மட் என்னும் ஒரு சொல் இவை அனைத்தையும் அழித்துவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் அது.

வழங்கி எழும் முறையை ஒரு பள்ளி நாளின் தொடக்கத்தோடு ஒப்பிடலாம். காவலர் வாயிற்கதவைத் திறக்கிறார், அலுவலகத்தார் சாவிக்கொத்தை எடுக்கின்றனர், வகுப்பறைகள் திறக்கப்படுகின்றன, பின்னர் மணி அடிக்கிறது. கணினியிலும் அப்படியே. முதலில் தாய்ப்பலகையிலுள்ள நிரல் விழிக்கிறது. அது தொடக்க நிரலை அழைக்கிறது. லினக்சு வழங்கிகளில் பெரும்பாலும் இது 'கிரப்' எனப்படும். கிரப், கெர்னல் எனும் கருநிரலை ஏற்றுகிறது. கருநிரல் வன்தட்டைக் கண்டுபிடித்து மற்றப் பணிகளைத் தொடங்குகிறது. மேம்படுத்தும்போது மாறுபவை பெரும்பாலும் தொடக்க நிரல், கருநிரல், அதன் துணைக்கோப்புகள், சில மென்பொருள்கள் ஆகியவையே. நம் கோப்புகளை அது தொடுவதில்லை. காவலரிடம் சாவி இல்லை என்பதற்காக நூலகத்து நூல்களை யாரேனும் எரிப்பார்களா?

சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைத் திரையே பெரும்பாலும் கூறிவிடும். அடிக்கடி நிகழ்பவை மூன்று.

1. வேர்க் கோப்பமைப்பை ஏற்ற இயலவில்லை என்று கூறிக் கருநிரல் நின்றுவிடுவது. தொடக்கக் கோப்புகளுக்கான சிறிய பகுதி நிரம்பிவிட்டதால், புதிய கருநிரலின் துணைக்கோப்பு முழுமையாக எழுதப்படாமல் போயிருக்கலாம். கிரப் பட்டியலில் பழைய கருநிரலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வழங்கி எழுந்துவிடும். ரெட் ஹேட் வகை லினக்சுகள் இதற்காகவே இயல்பாக மூன்று கருநிரல்களை வைத்திருக்கின்றன. எழுந்தபின் தேவையற்ற பழையவற்றை நீக்கி இடமுண்டாக்கி, துணைக்கோப்பை மீண்டும் உருவாக்கினால் போதும்.

2. ஏதோ ஒரு வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குள் நுழைவது. பெரும்பாலும் இது மேம்பாட்டின் குற்றமன்று. எப்போதோ ஒருவர் ஒரு வன்தட்டைக் கழற்றியிருப்பார். அதன் பெயர் 'எஃப்எஸ்டேப்' என்னும் பட்டியலில் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் அணைக்கப்படாத வழங்கியை, மேம்பாடு மறுதொடக்கம் செய்ய வைக்கிறது. பழைய பிழை அன்று வெளிப்படுகிறது. ஆகவே, மேம்படுத்துவதற்கு முன்பே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். அப்போதே எழாவிட்டால், காரணம் வேறு என்று தெளிந்துவிடும்.

3. கிரப் பட்டியலே தோன்றாமல் திரை உறைந்துவிடுவது. 2020 ஜூலை இறுதியில் இது பலருக்கு நேர்ந்தது. 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த மேம்பாட்டால், ரெட் ஹேட் லினக்சு 7, 8 பதிப்புகளும் சென்ட்ஓஎசும் இயங்கிய வழங்கிகள் சில எழ மறுத்தன. மீட்பு விரலியிலிருந்து கணினியை எழுப்பி, தொடக்க நிரல்களை முந்தைய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. சில நாட்களில் திருத்தமும் வந்தது. வன்தட்டைத் துடைக்க வேண்டிய தேவை எழவில்லை.

விண்டோசும் விதிவிலக்கன்று. 2022 ஜனவரி 11இல் வெளிவந்த மேம்பாட்டிற்குப் பிறகு, கணக்குகளை நிர்வகிக்கும் சில விண்டோசு வழங்கிகள் மீண்டும் மீண்டும் தாமே மறுதொடக்கமாயின. 17ஆம் நாள் திருத்தம் வெளியிடப்பட்டது. 2024 ஜூலை 19இல் நடந்தது அனைவரும் அறிந்ததே. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்று ஏறக்குறைய 85 லட்சம் விண்டோசுக் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. தீர்வோ, பாதுகாப்பான நிலையில் கணினியை எழுப்பி அந்த ஒரு கோப்பை நீக்குவதே. ஆனால், வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அதற்கு மீட்புக் குறியீடு தேவைப்பட்டது. அந்தக் குறியீட்டை முடங்கிய கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தவர் நிலை என்னவாகியிருக்கும்?

அப்படியானால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமே என்பார்க்கு 2017ஆம் ஆண்டே விடை. வன்னாகிரை எனும் நச்சுநிரல் நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14இலேயே திருத்தம் வெளியாகியிருந்தது. மே 12இல் தாக்குதல் தொடங்கியபோது, அதனை நிறுவாதிருந்த கணினிகள் வீழ்ந்தன. இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகள் இரத்தாயின. எழாத வழங்கியை எழுப்பிவிடலாம். பூட்டப்பட்ட கோப்புகளை மீட்க உறுதியான வழியில்லை.

பழுது பார்ப்பவருக்குத் துடைப்பது எளிது, தேடுவது நேரம் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. வன்தட்டே சிதைந்துகொண்டிருந்தாலோ, நச்சுநிரல் புகுந்திருந்தாலோ, புதிதாக நிறுவுவதே முறை. அப்போதும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். மருத்துவர்கூட நாடி பார்த்த பின்பே மருந்தை எழுதுகிறார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வழங்கியின் அருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்நாளில் எதை மாற்றினோம் என்று எழுதப்படட்டும். மீட்புக் குறியீடு தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். இரண்டாவது, ஒரு மீட்பு விரலியும் வெளிவன்தட்டில் ஒரு படியும் இருக்கட்டும். படி எடுத்தால் போதாது, தவணைக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, பழுது பார்க்க வருபவரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும் முன், "திரையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேளுங்கள். அதற்கு விடை கூற இயலாதவரிடம் வழங்கியை ஒப்படைக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். நாள்தோறும் கருத்துணர்தல் கற்பிக்கும் நாம், திரையில் நான்கு வரி பிழைச்செய்தி தோன்றியதும் படிக்காமலே மின்விசையை அணைக்கிறோம். ஆறாம் ஆண்டு மாணவர் இருவரை அழைத்து அவ்வரிகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த வரியில் முதன்முதலாகப் பிழை என்று வருகிறது எனக் கேளுங்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பழுதானதை உடனே எறிந்துவிடாமல், ஏன் பழுதானது என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கும்.