ஆயா வேலைக்கு ஒரு எம்.எஸ்ஸி.யா?

“ஆயா வேலைக்கா இன்னும் ரெண்டு வருஷம் படிக்கப்போறே?” என்று மாப்பிள்ளை தன் மகளைக் கேட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். என் தங்கை மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, குழந்தை வளர்ச்சியும் குடும்ப இயலும் என்ற பாடத்தில் எம்.எஸ்ஸி. சேரவேண்டும் என்கிறாள். “நீங்களாவது சொல்லுங்க மாமா” என்று என் பக்கம் திரும்பினாள். உண்மையைச் சொன்னால், அன்று என் மனமும் மாப்பிள்ளை கட்சியில்தான் இருந்தது. பிள்ளை வளர்க்கப் பாட்டிமார் பல்கலைக்கழகத்துக்கா போனார்கள்?

ஒரு மாதம் கழித்து இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். ஏன் என்று சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலரைப்போல நாங்களும் கோலார் தங்கவயல்காரர்கள். வடாற்காட்டிலிருந்து வந்த தாத்தாவும், பிறகு அப்பாவும் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001-ஆம் ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூடியது நியாயமா அநியாயமா என்று நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. லைன் வீடுகளுக்குள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சங்கு ஊதுவது நின்றபிறகும் அப்பா ஷிஃப்டு நேரத்துக்கே எழுந்துகொள்வார். எழுந்து, வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா இட்லி சுட்டு விற்றார். வீட்டில் எது கேட்கவேண்டுமானாலும் அம்மாவிடம் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. அதை அப்பா கவனிக்காமல் இல்லை. எனக்கு 19 வயது. விடியுமுன் உரிகத்தில் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் போய் பெங்களூரில் வேலை பார்த்து, இரவு திரும்பினேன். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த தங்கைக்குப் படிப்பு நின்றது. மறு வருஷமே கல்யாணம். தம்பிக்கு அப்போது 7 வயது. பிறகு எல்லோருமே பெங்களூருக்கு வந்து, அவனைக் கன்னட வழிப் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. “பையன் கொஞ்சம் மந்தம்” என்றார் ஆசிரியை. நாங்களும் நம்பிவிட்டோம். அதே பையன் வீட்டில் பழைய ரேடியோவைப் பிரித்து மறுபடி பூட்டிப் பாட வைப்பான். அது எங்கள் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் பொருட்படுத்தவில்லை.

மருமகள் எனக்குச் சொன்னது இது. அமெரிக்காவில் 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது ஓக்லாந்து நகரத்தில் வளர்ந்த, 1920-21-இல் பிறந்த 167 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். கிளென் எல்டர் என்பவர் அந்தக் குறிப்புகளை வைத்து 1974-இல் ஒரு நூல் எழுதினார். அப்பாவின் வருமானம் போன வீடுகளில் அம்மாவின் கை ஓங்கியது. பையன்கள் வெளியே சிறு வேலைகளுக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு வேலையைச் சுமந்தார்கள். பிற்பாடு அவர் 1928-29-இல் பெர்க்லியில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார். கஷ்டம் வந்தபோது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். சின்னஞ்சிறு வயதில் மாட்டியவர்கள், அதிலும் ஆண்பிள்ளைகள், தன்னம்பிக்கை குறைந்து வளர்ந்தார்கள். அவர்களிலும் பலர் பின்னாளில் தேறினார்கள் என்பதையும் எல்டர் காட்டுகிறார்.

கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓக்லாந்தை நான் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நான், தங்கை, தம்பி மூவரும் அதில் இருந்தோம்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடியபோதும் இப்படி ஓர் ஆய்வு நடந்து 1933-இல் வெளிவந்தது. வேலையில்லாத மனிதர்களுக்கு நேரம் மிஞ்சிக் கிடந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனதாம். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார். நந்திதுர்க்கில் 2001-இல் 5, 6 வயதில் இருந்தவர்களுக்கு இன்று 30 வயது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தமிழில் கேட்டு எழுத யாராவது வேண்டாமா?

இந்தப் படிப்பு புதிதும் அல்ல. ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்த காலத்திலேயே பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் புலம் தொடங்கிவிட்டது. குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று அளக்கும் பேய்லி அளவுகோல் அமெரிக்கக் குழந்தைகளைப் பார்த்து வகுத்தது. பரோடாவில் பிரமிளா பாடக் நம் நாட்டுக் குழந்தைகளை அளந்து அதற்கு இந்திய வடிவம் கொடுத்தார். கோவை அவினாசிலிங்கத்திலும் இப்பாடம் உண்டு. அளவுகோல் யாரை வைத்துச் செய்தது, எந்த மொழியில் கேட்டது என்பதெல்லாம் இந்தப் படிப்பில் முதலில் கேட்கவேண்டிய கேள்விகளாம். புது மொழிக்குள் வந்து விழும் குழந்தை சில மாதம் பேசாமலே இருப்பதும் அதில் தெரிந்த விஷயமாம். தம்பியை மந்தம் என்ற ஆசிரியைக்கு இது தெரிந்திருந்தால்! எங்களுக்குத் தெரிந்திருந்தாலும் போதுமே. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு மூன்றும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவோ நல்லது.

மாப்பிள்ளையின் கவலையையும் தள்ளிவிட முடியாது. கம்ப்யூட்டர் வேலையின் சம்பளம் இதில் ஆரம்பத்தில் வராது. இதை மட்டும் படித்துவிட்டு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டவும் முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழு அங்கீகரித்த தனிப் படிப்பு வேண்டும். சிறப்புப் பள்ளி, மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு, தொண்டு நிறுவனம், பரீட்சை எழுதி வந்தால் குழந்தைகள் நலத்துறை அலுவலர் பதவி என்று வழிகள் இருக்கின்றன. நிதானமாகத்தான் நடக்கவேண்டியிருக்கும். பெண் பிள்ளைதானே என்று நாம் அவசரப்படுத்தினால்தான் கெடும்.

தம்பி இப்போது சொந்தமாக டாக்சி ஓட்டுகிறான். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்த டீச்சர் பேசின ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலைண்ணா, அவ்வளவுதான்” என்றான்.

மாப்பிள்ளை இன்னும் சரி என்று சொல்லவில்லை. விண்ணப்பக் கட்டணத்தைத் தங்கை கட்டிவிட்டாள்.