விளையாட்டிலும் நேர்மை வேண்டும்

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாக்கு. தெருவில் ஓடியாடும் விளையாட்டை மனத்தில் வைத்து அவர்கள் சொன்னது, உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பேசி விளையாட்டுக்கும் இன்று பொருந்தி வருகிறது. வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர், அருட்சகோதரிகள் கண்டிக்கின்றனர். கண் கெடும், படிப்புக் கெடும் என்று அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விளையாடும் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு கேடு உண்டு. அது களவு. அந்தக் களவைத் தடுக்கப் போடும் பூட்டு, காசு கொடுத்தவரையே சில வேளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இவ்விரண்டையும் பற்றி எங்கள் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது. அது குடும்பங்களைக் குலைக்கும் சூதாட்டத்துக்கு எதிரானது. அதை மனமார வரவேற்கிறோம். நாங்கள் பேச வந்தது வேறு. ஒரு கதைப் புத்தகத்தைப் போல, ஒரு திரைப்படத்தைப் போல, பலர் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கும் விளையாட்டுகளைப் பற்றியே பேசுகிறோம்.

அத்தகைய விளையாட்டுகளுள் ஒன்று 'வெண்பா'. கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறிய நிறுவனம் 2023 ஜூலையில் இதனை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை இது. வெண்பா என்னும் தாய், தன் அன்னை தந்த கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்கிறாள். விட்டுப்போன வரிகளை ஊகித்து, எது முதலில், எது பிறகு என்று கண்டுபிடிப்பதே ஆடுபவரின் வேலை. துப்பாக்கியும் இல்லை, சண்டையும் இல்லை. தாய்மொழியிலிருந்து விலகிப்போகும் மகனும் அவனைப் பெற்ற தாயும் படும் பாடுதான் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. நம் வீட்டு அடுப்படியை உலகமே வந்து பார்த்தது என்றால் அது மிகையாகாது.

இப்படிப்பட்ட ஒரு சிறு குழுவின் உழைப்பைக் காசு கொடுக்காமல் திருட்டுப் பிரதியாக இறக்கிக்கொண்டால், யார் வீட்டு அடுப்பு அணையும்? சிந்தித்துப் பாருங்கள்.

"கடையில் ஒரு சேலையை எடுத்தால் அங்கே ஒன்று குறையும். விளையாட்டைப் பிரதி எடுத்தால் எதுவும் குறையவில்லையே!" என்று சில தோழியர் வாதிடுகின்றனர். குறைவது பொருளன்று, கூலி. பக்கத்து ஊராகிய அருப்புக்கோட்டை கைத்தறிச் சேலைக்குப் பேர்போனது. நெசவாளர் நாள்கணக்கில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் சேலையின் கரையையும் புட்டாவையும் பார்த்து, விசைத்தறியில் அதேபோல் ஓட்டிக் கைத்தறி என்று சொல்லி விற்றால், நெசவாளர் வீட்டிலிருந்து ஒரு நூல்கூடக் களவு போவதில்லை. ஆனால் அவர் பிழைப்புப் போய்விடுகிறது. அந்தப் பிழைப்பைக் காக்கவே சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. தறிக்கு ஒரு நியாயம், கணினிக்கு ஒரு நியாயமா?

ஞானோபதேச வகுப்பில் ஏழாம் கட்டளையைப் படிக்கிறோம். நன்னெறி வகுப்பில் வள்ளுவரின் கள்ளாமை அதிகாரத்தைப் படிக்கிறோம். நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது குற்றம். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம். அந்த அபராதமும் நம் வீடுகளில் யாரால் கட்ட முடியும்?

எங்களுள் பலர் வீட்டில் கணினி இல்லை. அப்பாவின் கைப்பேசியோ அண்ணனின் கைப்பேசியோதான் உண்டு. மைன்கிராஃப்ட் போன்ற காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆட்டத்தை 'மோட்' என்ற பெயரில் ஓசியில் யாரோ அனுப்புகிறார்கள். அதைப் போடும்போது, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி, தொடர்புகளைப் பார்க்க அனுமதி என்று அது கேட்டால், பலரும் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். வங்கியின் ஓ.டி.பி. வருவதும் அதே கைப்பேசிக்குத்தான். வேலைச் சம்பளமும் பருத்தி போட்ட காசும் வந்து சேரும் கணக்கு அது. ஓசி ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு வீட்டுச் சாவியை முகம் தெரியாதவனிடம் கொடுக்கலாமா?

இதுவரை சொன்னது திருடுபவருக்கு. இனிச் சொல்வது பூட்டுப் போடுபவருக்கு.

ஆஸ்திரியா நாட்டில் தோன்றிய டெனுவோ என்னும் காப்புப் பூட்டு, 2014 முதல் பல பெரிய விளையாட்டுகளில் பூட்டப்பட்டு வருகிறது. அதனால் பயனே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் சுமார் 20 விழுக்காடு குறைகிறது. ஆனால் 12 வாரம் கழிந்தபின் உடைந்தால் இழப்பு மிகச் சொற்பமே. அப்படியானால் மூன்று மாதம் காவல் வைத்தபின் பூட்டைக் கழற்றிவிடலாம் அன்றோ? அறுவடை முடிந்த புஞ்சைக்கு எதற்குக் காவல்?

காவலே கேடாக முடிந்ததும் உண்டு. 2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'சிம்சிட்டி' என்னும் நகரம் கட்டும் விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டம் தாங்காமல் அவர்களுடைய சர்வர்கள் திணறவே, காசு கொடுத்து வாங்கியவர்கள் நாள்கணக்கில் ஆட முடியாமல் தவித்தார்கள். ஓராண்டு கழித்துத்தான் இணையமின்றி ஆடும் வசதி வந்தது. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்னும் கார் ஓட்டும் விளையாட்டு 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. இதனால் மனம் நொந்தவர்கள் எழுப்பிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் உழவன் யாரிடம் முறையிடுவான்?

கடுமை மட்டும் களவை ஒழிப்பதில்லை என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. திருட்டு வீடியோ தயாரிப்போரை 2004இல் குண்டர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின்னும் புதுப்படம் வெளியான அன்றே கைப்பேசிக்கு வந்துவிடும் கொடுமை நின்றபாடில்லை.

போலந்து நாட்டில் வேறு வழி கண்டார்கள். அங்கே சந்தைகளில் திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்த காலத்தில், சிடி ப்ராஜெக்ட் என்னும் நிறுவனம் 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டைப் போலிஷ் மொழியிலேயே, அந்நாட்டுப் புகழ்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்கச் செய்து, வரைபடத்தோடு அழகிய பெட்டியில் வைத்து விற்றது. திருடன் தராததை நேர்மையான கடைக்காரர் தந்தார். மக்கள் விரும்பி வாங்கினார்கள். அன்பும் மரியாதையும்கூட ஒரு பூட்டுத்தான்.

ஆதலால் விளையாட்டு நிறுவனங்களுக்கு நாங்கள் கூறுவது மூன்று. காவல் பூட்டை மூன்று மாதத்தில் கழற்றுங்கள். கடையைச் சாத்தும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆட வழி வைத்துவிட்டுச் சாத்துங்கள். எங்கள் நாட்டு வருமானம் பார்த்து விலை வையுங்கள். ஒரு பெரிய ஆட்டம் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் என்றால், கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் ஒரு தாய்க்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் பாருங்கள். விலை எட்டவில்லை என்பது திருடுவதற்கு நியாயமாகாது; ஆயினும் எட்டும் விலை வைத்தால் திருடும் எண்ணமே பலருக்கு எழாது.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. எட்டாத விலையென்றால் தள்ளுபடி வரும்வரை காத்திருப்போம். முறையாக இலவசமாய்த் தருவதை ஆடுவோம். திருட்டுப் பிரதியை யார் அனுப்பினாலும் வாங்காமலும் பிறர்க்கு அனுப்பாமலும் இருப்போம். பெற்றோரே, சகோதரிகளே, விளையாட்டை ஆட மட்டுமல்ல, ஆக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாருங்கள். வெண்பாவின் இட்லியை உலகம் ரசித்தது போல, எங்கள் மல்லாங்கிணற்றின் வறண்ட கண்மாயையும், மழைக்காக வானம் பார்த்து நிற்கும் விவசாயியையும் வைத்து நம் பள்ளி மாணவி ஒருத்தி நாளை ஒரு விளையாட்டுச் செய்யக்கூடும். அன்று அவளுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டுமானால், இன்று முகம் தெரியாத பிறருக்கு உரிய கூலியை நாம் கொடுத்துப் பழக வேண்டும்.